தலைப்பேறு: ஒரு கிறித்தியல் பெயரின் பொருள்

கொலோசையர் திருமுகம் (1:15) கிறித்துவைப் 'புரோட்டோடோக்கோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லால் சுட்டுகிறது. 'முதலில் பிறந்தவர்' என்பது அதன் நேர்பொருள். படைப்பு அனைத்தோடும் இணைத்து இச்சொல் ஆளப்படுவதால், கிறித்து படைப்பினுள் முதலாமவரா, படைப்புக்கு அப்பாற்பட்டவரா என்னும் வினா எழுகிறது. நான்காம் நூற்றாண்டில் ஆரியுசைப் பின்பற்றியோர் முன்னதைக் கொண்டனர். 325இல் கூடிய நீக்கேயாப் பொதுச்சங்கம், அவர் பிறந்தவரேயன்றிப் படைக்கப்பட்டவர் அல்லர் என வரையறுத்தது.

சிக்கலின் வேர் வேற்றுமையில் உள்ளது. மூலத்தில் 'படைப்பு' என்பது கிரேக்க ஆறாம் வேற்றுமையில் நிற்கிறது. அது 'தொகுதியுள் ஒன்று' எனவும் 'தொகுதியின்மேல் முதன்மை' எனவும் பொருள்பட வல்லது. சீர்திருத்தச் சபையாரிடம் வழங்கும் பழைய தமிழ்ப் பெயர்ப்பு, நான்காம் வேற்றுமை அமைத்து 'முந்தின பேறு' என்கிறது. ஐயம் அகன்றது, ஆனால் பொருள் காலமுன்மை அளவில் சுருங்கிற்று. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'படைப்பனைத்திலும் தலைப்பேறு' என்கிறது. இங்குள்ள 'இல்' ஏழாவதாயின் கிறித்து படைப்பினுள் அடங்குவார். ஐந்தாவதாயின் படைப்பினும் உயர்ந்தவராவார். மூலத்தின் இருபொருண்மை தமிழிலும் தங்கிவிடுகிறது. எனினும் 'தலை' என்னும் சொல் முதன்மையோடு தலைமையையும் உணர்த்துவதால், இப்பெயர்ப்பே மூலத்துக்கு நெருக்கமானது எனலாம்.

எபிரேய மரபில் தலைமகன் என்பது பிறப்பு வரிசையைக் கடந்து உரிமையைச் சுட்டும். தொடக்கநூலின்படி மனாசேயே மூத்தவன். ஆயினும் எரேமியா (31:9) எப்ராயிமைத் தலைமகன் என்கிறது. ஈசாயின் இளைய மகனான தாவீதுக்கும் திருப்பாடல் 89 இச்சிறப்பை அளிக்கிறது. எனினும் இச்சான்றுகளால் மட்டும் வழக்கு முடிந்துவிடாது. இறந்தோரிடையே தலைப்பேறு (கொலோ. 1:18), சகோதரர் பலருள் தலைப்பேறு (உரோ. 8:29) என்னும் இடங்களில் கிறித்து அத்தொகுதிகளுள் ஒருவராகவே எண்ணப்படுகிறார். 'முதற்படைப்பு' என்னும் சொல் ஆளப்படாமையைச் சான்றாகக் காட்டுவதும் வலுவற்றது, சொல்லாமை சான்றாகாது.

பொருளைத் துணிவது அடுத்த வசனமே. அனைத்தும் அவரில் படைக்கப்பட்டமையை அது காரணமாகக் கூறுகிறது. அனைத்தும் ஒருவரில் படைக்கப்பட்டதெனின், அவரை அவ்வனைத்துள் ஒன்றாக எண்ண இயலாது. ஆரியுசின் கருத்தை மறுத்த அத்தனாசியார் இதனையொட்டி இரு பெயர்களைப் பிரித்துக் காட்டினார்: தந்தையை நோக்க, உடன்பிறந்தார் இன்மையின் கிறித்து 'ஒரே மகன்', படைப்பை நோக்க, அதனிடத்து இறங்கிவந்து பலரைச் சகோதரராக ஏற்றமையின் 'தலைப்பேறு'.