மட்டமும் கனமும்: வீட்டுத் தச்சறையில் இழைப்பு இயந்திரம்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தோர்க்கு 'மரம் வெட்டுதல்' என்னும் தொடர் மரத்தை வீழ்த்துவதைக் குறிக்காது. விடியுமுன் நெற்றியில் விளக்குக் கட்டிச் சென்று, பால்மரத்தின் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் தொழிலையே அது குறிக்கும். மரத்தை அடியோடு அறுத்துத் தள்ளுவதை 'மரம் சாய்த்தல்' என்போம். தோட்டத்துக்குப் புதியவர் ஒருவர் முன்னதைப் பின்னதாகக் கொள்ளின் பொருள் பிழைபடும். சொல் ஒன்று, தொழில் இரண்டு என்னும் நிலையில் இம்மயக்கம் எழுவது இயல்பு. மொழியில் இதனால் விளையும் கேடு சிறிது. பட்டறையில் இதே மயக்கம் ஏற்படின் நல்ல பலகை பாழாகும். சில வேளைகளில் விரலும் போகும். அத்தகைய மயக்கத்துக்கு இடந்தரும் கருவி ஒன்றை இங்கு விளக்க முற்படுகிறோம்.

தோட்டங்களில் பிறந்து, பணி ஓய்வுக்குப் பின் சிரம்பான், நீலாய், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரத் தாமான்களில் குடியிருப்போர் சிலர், கார் நிறுத்துமிடத்தின் ஒரு மூலையைத் தச்சறையாக்கிக்கொண்டுள்ளனர். நாமும் அவர்களுள் ஒருவர். இத்தகையோர் வாங்குவது பெரும்பாலும் மேசைமேல் வைக்கத்தக்க, விலை குறைந்த 'பிளேனர் திக்னஸர்' ஆகும். மலாயில் இதனை 'மெசின் கெத்தாம்' என்பர். 'கெத்தாம்' என்பது இழைப்புளிக்கும் நண்டுக்கும் பொதுவான மலாய்ச் சொல். இயந்திரம் வீடு வந்த நாளில், நண்டு இயந்திரம் எங்கே என்று நம் பேரன் தேடினான். நாம் சிரித்தோம். ஆனால் அவ்வியந்திரத்தின் பெயரை நாமே சரியாக உணர்ந்திருக்கவில்லை என்பது இரு வாரங்களுக்குப் பின்னரே விளங்கிற்று.

பால்மரம் பலகையான வகை

நாம் இழைக்க விரும்பியது பால்மரப் பலகை. அமேசான் காட்டைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தின் விதைகளை என்றி விக்காம் 1876இல் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்த நாற்றுகளுள் 22 அடுத்த ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்பார் வணிக அளவில் அதனைப் பயிரிடத் தொடங்கினார். ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் பால் தந்தபின் மரம் சாய்க்கப்படும். நெடுங்காலம் அது விறகாகவே எரிந்தது. மாச்சத்து மிகுதியாக உள்ளமையால் சாய்த்த சில நாள்களிலேயே நீலப்பூஞ்சணம் பற்றுவதும், துளைவண்டுகள் மரத்தை மாவாக்குவதும் அதற்குக் காரணங்கள். போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தால் உட்செலுத்தி, சூளையில் உலர்த்தும் முறை வேரூன்றிய பின்னரே பால்மரம் தளவாட மரமாயிற்று. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் பணி இதில் குறிப்பிடத்தக்கது. இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி இம்மரத்தாலானதே.

நம் அன்னையார் பால் வெட்டிய தோட்டம் அழிக்கப்பட்டபோது, அங்கிருந்து அறுத்து, மருந்தூட்டி உலர்த்திய பலகைகள் இரண்டு நமக்குக் கிடைத்தன. ஆறடி நீளமும் ஏழு அங்குல அகலமும் ஒன்றரை அங்குலக் கனமும் உடைய அவற்றைக்கொண்டு நூல் வைத்து ஓதும் சாய்மேசை ஒன்று செய்ய எண்ணினோம். முதற்பலகை சற்றே முறுக்கிக்கொண்டிருந்தது. அதனை இயந்திரத்தின் கீழ்வாயில் செலுத்தினோம். வழவழப்பாக வந்தது, ஆயினும் முறுக்கம் போகவில்லை. மீண்டும் செலுத்தினோம். இவ்வாறு இருபது முறைக்குமேல் செலுத்திய பின்னர், பளிங்குபோல் மின்னிய, அரை அங்குலக் கனமேயுடைய, முன்போலவே முறுக்கிய பலகை ஒன்று கையில் எஞ்சியது. இயந்திரம் பழுதுடையது என எண்ணினோம். உண்மையில் அது தன் தொழிலைச் செவ்வனே செய்திருந்தது. நாம் அதனிடம் வேறொரு தொழிலை எதிர்பார்த்ததே பிழை.

நூலும் கோட்டமும்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில், நூல் என்னும் பெயருக்குத் தச்சர் தொழிலிலிருந்து உவமை காட்டப்படுகிறது. மரத்தின் வளைவைத் தீர்க்கத் தச்சர் பிடிக்கும் கயிறும் நூல். மாந்தர் மனத்தின் வளைவைத் தீர்க்கும் ஏடும் நூல். மாணவப் பருவத்தில் இதனை நெட்டுருச் செய்தோம். எனினும் அவ்வுவமையின் நுட்பம் பலகையைப் பாழாக்கிய பின்னரே புலனாயிற்று. நூல் மரத்தைச் செதுக்குவதில்லை; செதுக்குவது உளியே. நேர் எது என்பதை நூல் காட்டுகிறது. அக்காட்டுதல் இல்லையேல், உளி எத்துணைக் கூரியதாயினும் மரத்தின் கோட்டத்தையே பின்பற்றிச் செல்லும்.

இயந்திரத்திலும் இவ்விரு தொழில்கள் உள. மேற்புறத்தில் முன்மேசை, பின்மேசை என இரு தட்டுகளும், அவற்றினிடையே சுழலும் அலகு உருளையும் அமைந்துள்ளன. பலகையைக் கையால் இதன்மேல் தள்ளும்போது மேசையின் நேர்மை பலகையின் அடிமுகத்துக்கு ஏறுகிறது. இது மட்டம் செய்தல். கீழ்வாயிலோ பலகை அலகின் அடியில் நுழைகிறது; இழுப்புருளைகள் அதனை அழுத்தி இழுத்துச் செல்கின்றன. அலகு மேல்முகத்தை அடிமுகத்துக்கு இணையாகச் சீவுகிறது. இது கனம் செய்தல். அடிமுகம் மட்டமாயின் மேல்முகமும் மட்டமாகும். அடிமுகம் கோணலாயின் மேல்முகமும் அதே கோணலைப் பெறும். மேலும் உருளைகளின் அழுத்தத்தால் மெல்லிய பலகை உள்ளே தற்காலிகமாக நிமிர்ந்து, வெளிவந்ததும் மீண்டும் தன் வளைவை அடையும். 'இழைத்தல்' என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தமையால் நாம் மேல்வாயின் தொழிலைக் கீழ்வாயிடம் கேட்டோம்.

செய்முறை வரிசை

முதலாவதாக, பலகையை வேண்டிய நீளத்துக்குச் சற்று மிகுதியாக அறுத்துக்கொள்க. வளைவு நீளத்தின் இருமடியைப் பொறுத்து வளரும். ஆறடிப் பலகையில் நடுவே 12 மில்லிமீட்டர் வளைவு இருப்பின், அதனை இரண்டாக அறுத்தபின் ஒவ்வொரு துண்டிலும் ஏறக்குறைய 3 மில்லிமீட்டரே இருக்கும். நீளத்தைக் குறைப்பதால் கனம் காக்கப்படுகிறது.

இரண்டாவதாக, குழிந்த முகம் கீழ்நோக்க மேல்மேசையில் வைக்க. முதுகு கீழே இருப்பின் பலகை தொட்டில்போல் ஆடும். அடிமுகத்தில் பென்சிலால் கோடுகளைக் கிறுக்கி வைத்து, கோடுகள் முற்றும் மறையும்வரை மெல்லிய சீவல்களாக எடுக்க. பலகையின் முன்பகுதி அலகைக் கடந்ததும் கையின் அழுத்தம் பின்மேசைக்கு மாறவேண்டும். ஏனெனில் புதிதாகப் பிறந்த மட்டம் அங்கேதான் உள்ளது.

மூன்றாவதாக, மட்டமான அம்முகத்தை ஓரச்சட்டத்தில் சாய்த்து ஒரு விளிம்பைச் சீவுக. விலை குறைந்த இயந்திரங்களில் ஓரச்சட்டம் மெலிந்த உலோகத்தாலானது, அழுத்தினால் சாயும். ஒவ்வொரு முறையும் மூலைமட்டம் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

நான்காவதாகவே கீழ்வாய். மட்டமான முகம் கீழிருக்க, ஒரு முறைக்கு அரை மில்லிமீட்டர் அளவில் கனத்தைக் குறைக்க. விரும்பிய கனத்தை அணுகும்போது இரு முகங்களையும் மாற்றி மாற்றிச் சீவினால் உள்ளீரம் இருபுறமும் ஒத்து வெளியேறும். எஞ்சிய விளிம்பை வாளால் இணையாக அறுத்துக்கொள்க.

மேல்மேசை பெரும்பாலும் எட்டங்குல அகலமே உடையது. அதனினும் அகன்ற பலகையைக் கீழ்வாய் ஏற்குமாயின், நேரான தட்டுப்பலகை ஒன்றின்மேல் அதனை வைத்து, ஆடுமிடங்களில் ஆப்புச் செருகி அசையாமல் ஒட்டி, இரண்டையும் சேர்த்துச் செலுத்தலாம். இங்கு மட்டத்தைத் தருவது அடியிலுள்ள தட்டுப்பலகை. முறை மாறினும் நெறி மாறவில்லை.

சிறிய இயந்திரத்தின் எல்லைகள்

'மட்டம்' என்னும் சொல் சமநிலையையும் குறிக்கும். 'மட்டமான சரக்கு' என்னுமிடத்துத் தாழ்ந்த தரத்தையும் குறிக்கும். மட்டமான இயந்திரத்தால் மட்டமான பலகை செய்ய இயலுமா எனின், இயலும், பொறுமை வேண்டும். இரு அலகுகளுடன் நிமிடத்துக்கு 8,500 சுற்று சுழலும் உருளை 17,000 வெட்டுகளை இடும். பலகை நிமிடத்துக்கு 6 மீட்டர் நகர்ந்தால் இரு வெட்டுகளுக்கிடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டரே. ஆகவே வழவழப்பில் குறையில்லை. குறை மேசையின் நீளத்திலும் மோட்டாரின் வலுவிலும் உள்ளது. நெடும்பலகைக்கு முன்னும் பின்னும் தாங்கல்கள் வைத்தல் வேண்டும். வாங்கியவுடன் நேர்கோல் ஒன்றை வைத்து இரு மேசைகளும் ஒரே தளத்திற்கு இணையாக உள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். அலகின் உச்சமும் பின்மேசையும் ஒரே உயரத்தில் இருத்தல் வேண்டும். பின்மேசை தாழ்ந்திருந்தால் பலகையின் கடைமுனையில் பள்ளம் விழும். உயர்ந்திருந்தால் பலகை அதன் விளிம்பில் முட்டி நிற்கும்.

கீழ்வாயிலும் முனைப்பள்ளம் விழுவதுண்டு. பலகையின் முனை ஒரே உருளையின் பிடியில் இருக்கும்போது அது சற்றே மேலெழுந்து அலகில் படுவதே காரணம். நுழையும்போதும் வெளிவரும்போதும் பலகையின் புறமுனையை மெல்ல உயர்த்திப் பிடித்தால் இது குறையும். எனினும் இருமுனையிலும் நான்கு விரற்கடை மிகுதி விட்டு, இறுதியில் அறுத்தெறிதலே உறுதியான வழி.

பால்மரத்துக்கு உரிய சிக்கல் ஒன்று உண்டு. காற்றிலும் சரிவிலும் சாய்ந்து வளரும் மரத்தில், தன்னை இழுத்து நிறுத்தும் பொருட்டு ஒருவகை இழுவை நார்கள் தோன்றும். அவை மழுங்கிய அலகில் அறுபடாமல் பஞ்சுபோல் எழும். அறுத்த பலகை முறுக்கிக்கொள்வதற்கும் அவை காரணமாகும். கூரிய அலகும் மெல்லிய சீவலுமே தீர்வு. நாரோட்டத்துக்கு எதிராகச் சென்று பிசிறு எழுந்தால் முனைகளை மாற்றிச் செலுத்துக. பால்வெட்டில் தேர்ந்தோர் ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவே பட்டையைச் சீவி, உள்மரத்தைத் தொடாமல் கத்தியை ஓட்டுவர். அந்தக் கைப்பழக்கத்தின் அளவு இங்கும் பொருந்துகிறது.

விரலும் மூச்சும்

அலகுக்கு மரமும் தசையும் ஒன்றே. மேல்மேசையில் ஒரு முழத்துக்குக் குறைந்த துண்டைச் செலுத்துதல் ஆகாது. கைக்கும் பலகைக்கும் இடையே தள்ளுகட்டை இருத்தல் வேண்டும். அலகு மூடி, பலகை செல்லும் அளவே திறந்திருத்தல் வேண்டும். கையுறை காப்பன்று, நுனி சிக்கினால் கையையும் உள்ளிழுக்கும். அலகைத் தொடும் எப்பணிக்கும் முன்னர் மின்செருகியைப் பிடுங்கிக் கண்முன் வைத்துக்கொள்க. விசையை நிறுத்தினால் மட்டும் போதாது. பழைய லயத்து வீடுகளிலிருந்து வரும் பலகைகளில் ஆணி ஒளிந்திருக்கும். காந்தத்தால் தடவிப் பார்த்த பின்னரே அவற்றைச் செலுத்துக.

இவ்வகை மோட்டாரின் இரைச்சல் செவியைக் கெடுக்கும் அளவினது; காதடைப்பு இன்றியமையாதது. மரத்தூளை, மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பவற்றின் முதற்பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் சேர்த்துள்ளது. முகக்கவசமும் தூள் உறிஞ்சியும் ஆடம்பரம் அல்ல.

பெயரின் பயன்

நாம் வாங்கிய இயந்திரத்துடன் வந்த கையேட்டில் தமிழும் இல்லை, மலாயும் இல்லை. தச்சன் என்னும் சொல் சங்கப் பாடல்களிலேயே இடம்பெற்ற மொழி நம்முடையது. இழைப்புளி, சீவுளி, மூலைமட்டம், இரசமட்டம் எனக் கைக்கருவிகளுக்கெல்லாம் அதில் பெயர் உண்டு. புதிய கருவி வரும்போது அதன் ஆங்கிலப் பெயரை ஒலிபெயர்த்து நிறுத்திக்கொள்கிறோம். ஒலிபெயர்ப்புக் குற்றமன்று. ஆனால் 'பிளேனர் திக்னஸர்' என்று ஒரே மூச்சில் சொல்லும்போது, அதனுள் இரு தொழில்கள் முன்பின்னாக நிற்பது காதுக்குப் புலப்படுவதில்லை. மட்டவாய், கனவாய் என்று சொல்லிப் பார்த்தால் கை தானே வரிசையை அறியும்.

இரண்டாம் பலகையைத் தொடுமுன், சிறு தூரிகையால் இயந்திரத்தின் மேல்மேசையருகே 'மட்டம் 1' என்றும், கீழ்வாயருகே 'கனம் 2' என்றும் வெள்ளைச் சாயத்தில் எழுதினோம். அப்பலகை நேராகவே வந்தது. சாய்மேசைக்குத் தேவையான அகலத்துக்கு ஒரு பலகை போதவில்லை. முன்னர் மெலிந்துபோன பலகையைக் குறுந்துண்டுகளாக அறுத்து, மட்டம் செய்து, இழுப்பறையின் பக்கங்களாக்கினோம். பேரன் இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். இயந்திரத்தின் மேலுள்ள இரு சொற்களையும் அவன் வரிசை பிறழாமல் படிக்கிறான். விரல்கள் அதனருகே செல்லும் வயது வருமுன் அவன் அறியவேண்டியதும் அந்த வரிசையே.