முகத்தை மூடிவிட்டு நடி

நாடக வாத்தியாருக்கு வசனம் மனப்பாடம் செய்ய வைப்பதைத் தவிர வேறென்ன வேலை என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருக்கு ஒரு தோல் முகமூடியைக் காட்ட ஆசை.

அப்படியொரு முகமூடியை வைத்து நடிப்புச் சொல்லித்தந்த ஜாக் லெகோக் 1921ல் பாரீசில் பிறந்தவர். விளையாட்டு, உடற்பயிற்சி வழியாக நாடகத்துக்குள் வந்தவர். 1948ல் இத்தாலிக்குப் போய் எட்டு வருஷம் நாடகம் போட்டார். பதுவா நகரில் அம்லெட்டோ சார்த்தோரி என்ற சிற்பியோடு பழக்கமானார். மரத்தில் செதுக்கிய அச்சின்மேல் ஈரத்தோலை வைத்துத் தட்டித் தட்டி முகமூடி செய்கிறவர் சார்த்தோரி. 1956ல் பாரீஸ் திரும்பி லெகோக் ஒரு நாடகப் பள்ளி தொடங்கினார். முதல் வருஷப் பாடத்தின் அஸ்திவாரமே முகமூடிதான்.

‘நியூட்ரல் மாஸ்க்’ என்பார்கள். அதில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. சும்மா இருக்கும் முகம். நம் முகத்தைவிடச் சற்றுப் பெரிது. முகத்தோடு அப்பிக்கொள்ளாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். மாட்டிக்கொண்டால் பேச்சு கிடையாது.

கப்பலில் போகும் நண்பனுக்குத் துறைமுகத்தில் நின்று கையசைத்து விடைகொடு என்பார் லெகோக். அவ்வளவுதான் பயிற்சி. புருவத்தை நெரித்துச் சமாளிக்க வழியில்லை. எடை எந்தக் காலில் இருக்கிறது, உயர்த்திய கை எப்போது தளர்கிறது, எல்லாம் அம்பலம்.

இதைப் படித்தபோது அம்மாவின் முதுகு ஞாபகம் வந்தது. அடுப்பைப் பார்த்து நிற்பாள். தோள் நிற்கிற விதத்திலும் கரண்டியைக் கீழே வைக்கிற வேகத்திலும் அன்றைக்குக் காசு கேட்கலாமா கூடாதா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

எட்டாம் வகுப்பு ஆண்டு விழாவில் என்னை அரிச்சந்திரனாக்கிய வாத்தியார், “மூஞ்சியில சோகம் பத்தலடா” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் உதட்டைப் பிதுக்கினேன். சபை சிரித்தது. இன்றைய ஆண்டு விழாக்களில் அந்தப் பாடும் இல்லை. பாட்டைப் போட்டு வாயசைக்கச் சொல்லிவிடுகிறார்கள். ஓடி விளையாட ஒரு பீரியட் ஒதுக்குகிறோமே, நிற்கவும் நடக்கவும் சொல்லித்தர ஒருவரை வைத்தால் என்ன?

லெகோக்கின் பள்ளி 1976ல் குடிபோன இடம் ஒரு பழைய குத்துச்சண்டைக் கூடம். படிப்பு இரண்டு வருஷம். முழு முகத்தையும் மூடிக்கொண்டு தொடங்கியவர்கள், கடைசியில் கோமாளியின் சிவப்பு மூக்கை மட்டும் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். உலகத்திலேயே சின்ன முகமூடி அதுதான் என்பார் லெகோக்.