தனி வண்டியில் ஒரு மலைப் பயணம்

விடுமுறை நாள் ஒன்று வாய்த்துவிட்டால், மனைவி மக்களை அழைத்துக்கொண்டு எங்கேனும் போய்வர வேண்டும் என்னும் ஆசை எவருக்கும் எழுவது இயல்பே. மலைநாட்டில் வாழ்வோர் அந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்ள நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நுவரெலியாவிலும் ஹற்றனிலும் வீட்டு வாசலைக் கடந்தால் தேயிலைச் சரிவுகள். அவற்றிற்கு அப்பால் காடு. காட்டிற்கு அப்பால் மேகம். தார் போட்ட வீதிகளிற் சென்று அலுத்துப்போன சிலர், இப்பொழுது ஜீப் வண்டிகளிற் கரடுமுரடான பழைய தோட்டப் பாதைகளைத் தேடிச் செல்கின்றனர். நண்பர்கள் நான்கு வண்டிகளிற் கூடிச் செல்வது ஒருவகை. ஒரே வண்டியில், ஒரே குடும்பம், துணைக்கு வேறெவரும் இன்றிச் செல்வது மற்றொரு வகை. இந்த இரண்டாவது வகைப் பயணத்திற்கு எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பதே இன்று நாம் சிந்திக்கப்போகும் பொருள்.

நுவரெலியாவில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தை, தாய், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர், வயது முதிர்ந்த பாட்டி. இவர்கள் செல்ல விரும்புவது, ‘டெவில்ஸ் ஸ்டெயர்கேஸ்’ என ஆங்கிலத்தில் வழங்கும் பாதை. பிசாசின் படிக்கட்டு என்று அதனைத் தமிழிற் கூறலாம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாகப் பதுளை செல்லும் பெருவீதியிற் கலுப்பஹன என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்து மேலே பிரிந்து, பம்பரகந்த நீர்வீழ்ச்சியின் அருகாகச் சென்று, உடவேரிய தோட்டப் பகுதியின் ஊடாக ஏறி, ஒகிய புகையிரத நிலையப் பக்கம் வெளிப்படுகிறது அந்தப் பாதை. பம்பரகந்த 263 மீற்றர் உயரமுடையது. இலங்கையிலேயே மிக உயர்ந்த நீர்வீழ்ச்சி. ஒகியவோ கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,770 மீற்றர் உயரத்தில் உள்ளது. படத்திற் பார்த்தால் தூரம் சொற்பமாகவே தோன்றும். ஆனால் மலைப்பாதையைத் தூரத்தால் அளப்பவன் ஏமாந்துபோவான். அதனை நேரத்தால் அளக்க வேண்டும்.

முதற் கேள்வி, எந்தத் திசையிற் செல்வது என்பது. நுவரெலியாவிலிருந்து புறப்படுவோருக்கு ஒகிய அண்மையில் உள்ளது. ஆகவே ஒகியவுக்குச் சென்று, அங்கிருந்து கீழ்நோக்கி இறங்குவதே எளிதெனத் தோன்றும். தனி வண்டிக்கு அது தவறான தெரிவு. ஏறிக்கொண்டிருக்கும் வண்டி ஓரிடத்தில் இனி ஏற இயலாது என்று நின்றுவிட்டால், வந்த வழியே மெல்ல இறங்கிவிடலாம். இறங்கிக்கொண்டிருக்கும் வண்டி ஓரிடத்தில் இனி இறங்க இயலாது என்று கண்டால், இறங்கி வந்த செங்குத்தில் மீண்டும் ஏற வேண்டும். ஈரமான கற்களின்மீது அது இயலாமற் போகலாம். இழுத்துவிட வேறு வண்டியும் இல்லை. ஆதலால், முதலில் வெலிமடை, ஹப்புத்தளை, பெரகலை வழியாக நல்ல வீதியிற் கலுப்பஹனவுக்கு இறங்கி, பின்னர் கரடான பாதையில் ஏற வேண்டும். ஒகியவை அடைந்தபின் பொரலந்தை, வெலிமடை வழியாக வீடு திரும்பலாம். சுற்று வழிதான், ஆயினும் திரும்பி வரும் கதவு எப்பொழுதும் திறந்திருக்கும் வழி அது.

இரண்டாவது கேள்வி, நேரம். நமது நாட்டில் மாலை ஆறு மணியளவிற் பொழுது சாய்ந்துவிடும். மலையில் நண்பகலுக்குப் பின் பனிமூட்டமும் மழையும் சேர்ந்து வருவது வழக்கம். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் எட்டு மணிக்குக் கலுப்பஹனவில் நிற்கலாம். அங்கிருந்து கணக்கைத் தொடங்குங்கள். நான்கு மணி நேரம் ஏறினால் நண்பகல் பன்னிரண்டு. அதுவரை ஒகியவை அணுகவில்லையெனில் வண்டியைத் திருப்ப வேண்டும். இறங்குவதற்கும் நான்கு மணி நேரம் வைத்துக்கொண்டால், மாலை நான்குக்குப் பெருவீதியில் இருப்போம். எஞ்சிய இரண்டு மணி நேர வெளிச்சம், பழுதாகும் டயருக்கும் வழுக்கும் வளைவுக்கும் உரியது. ஹற்றனிலிருந்து வருவோர் இதே நாளில் இதனை முடிக்க முயலலாகாது. முதல்நாள் இரவே ஹப்புத்தளைப் பக்கத்தில் தங்குவது நன்று.

மூன்றாவது, பருவம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இந்தச் சரிவுகளிற் பெருமழை பெய்யும். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, இதே அல்துமுல்லைப் பிரதேசத்தைச் சேர்ந்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, லயங்கள் மக்களோடு புதையுண்டதை நாம் மறக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ சூறாவளியோ மலைநாடு முழுவதையும் உலுக்கிச் சென்றது. வீதிகளும் புகையிரதப் பாதையும் பல இடங்களிற் சிதைந்தன. சென்ற ஆண்டு சென்று வந்தவர் கூறும் வழி இவ்வாண்டு இல்லாமற் போயிருக்கலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் வெளியிடுகிறது. மஞ்சள் அறிவிப்பு ஒன்று இருந்தாலே அந்நாட் பயணத்தை ஒத்திவையுங்கள். அறிவிப்பு இல்லாவிடினும், முதல்நாள் அவ்வூராரிடம் கேட்டறியாமற் புறப்படாதீர்கள்.

வண்டியைப் பற்றிச் சில சொற்கள். நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியாகவும், தாழ்ந்த கியர்த் தொகுதி உடையதாகவும் இருத்தல் வேண்டும். உயரம் ஏற ஏறக் காற்று மெலிவதால், சாதாரண இயந்திரம் ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். தாழ்ந்த கியரில் ஊர்ந்து செல்கையில் எரிபொருளும் மிகுதியாகச் செலவாகும். பெருவீதியை விட்டுப் பிரியுமுன் தாங்கியை நிரப்பிக்கொள்ள வேண்டும். இழுவைக் கயிற்றைப் பலரும் மறவாமல் எடுத்துச் செல்கின்றனர். இழுப்பதற்கு மற்றொரு வண்டி இல்லாத இடத்தில் அந்தக் கயிறு என்ன செய்யும்? தனி வண்டிக்கு வேண்டியவை மண்வெட்டி, ஜக்கு, அதனடியில் வைக்கத் தடித்த பலகை, காற்றடிக்கும் பம்பு, நல்ல நிலையிலுள்ள மேலதிகச் சக்கரம், சக்கரங்களுக்கு அண்டை கொடுக்கக் கட்டைகள் ஆகியன.

ஏற்றத்தில் இயந்திரம் நின்றுபோனால், பதற்றத்தில் வண்டியைக் குறுக்கே திருப்ப முயல்வோர் உண்டு. சரிவிற்குக் குறுக்காக நிற்கும் வண்டி கவிழும் வண்டியாகும். பிறேக்கை அழுத்திப் பிடித்து, பின்செல்லும் கியரைப் பொருத்தி, இயந்திரத்தின் பிடியிலேயே நேராகப் பின்னோக்கி இறங்க வேண்டும். கடினமான இடங்களிற் பிள்ளைகளை முன்னரே இறக்கிவிடுங்கள். தாய் அவர்களோடு பாதுகாப்பான மேட்டில் நிற்கட்டும். வண்டிக்குப் பின்புறமோ பள்ளத்துப் பக்கமோ எவரும் நிற்கலாகாது.

பிள்ளைகளுக்கு உரிய ஆயத்தம் வேறு. ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் வெப்பம் சுமார் ஆறரைப் பாகை குறையும். கலுப்பஹனவில் வியர்த்த பிள்ளை, ஒகியவில் நடுங்கும். கம்பளிச் சட்டை, மாற்றுடை, குடிநீர், இரண்டு வேளைக்கு உணவு ஆகியன எடுத்துச் செல்ல வேண்டும். ஈரப் புல்லில் அட்டைகள் இருக்கும். உப்பும் சவர்க்காரமும் கையில் இருந்தால் அச்சமில்லை.

இனி, பாட்டியைப் பற்றிக் கூற வேண்டும். குலுங்கும் வண்டியில் அவர் வர இயலாது, வீட்டில் இருப்பார். ஆயின் இந்தப் பயணத்தில் மிக முக்கியமானவர் அவரே. மலையிற் கைத்தொலைபேசி பல இடங்களிற் பேசாது. ஆகையால் ஒரு தாளிற் பெரிய எழுத்தில் எழுதி அவரிடம் கொடுங்கள்: வண்டியின் இலக்கம், செல்லும் வழி, திரும்பும் நண்பகல் எல்லை, ‘மாலை ஆறு மணிக்குள் எங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் இவ்வெண்களை அழையுங்கள்’ என்ற குறிப்பு. பொலிசுக்கு 119, இடர் முகாமைத்துவ நிலையத்திற்கு 117, நோயாளர் வண்டிக்கு 1990. வழியில் எண்ணத்தை மாற்றி வேறு பாதையிற் செல்லாதீர்கள். சென்றால் அந்தத் தாள் பொய்யாகிவிடும்.

இந்தப் பாதை நமது பொழுதுபோக்கிற்காகத் தோன்றியதன்று. இத்தகைய தோட்டப் பாதைகளை வெட்டியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள். அவர்களின் வழிவந்தோர் இன்றும் மலைநாட்டு லயங்களில் வாழ்கின்றனர். தோட்டத்தின் வழியாகச் செல்ல நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். கொழுந்துக் கூடையோடு எதிரே வரும் அம்மாவைக் கண்டால் வண்டியை நிறுத்தி, வழி விட்டு, ‘அம்மா, மேலே பாதை எப்படி?’ என்று மரியாதையோடு கேளுங்கள். ‘போகாதீங்க’ என்று அவர் சொன்னால், அதுவே அன்றைய பயணத்தின் முடிவாகட்டும். எந்த வரைபடமும் அவரைவிட நன்றாக அந்த மலையை அறியாது.

நேயர்களே, இறுதியாக ஒன்று. திரும்பும் முடிவை மலையில் எடுக்க முடியாது. இன்னும் ஒரு வளைவுதான், அதைக் கடந்தால் ஒகிய என்று மனம் சொல்லும். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் தோல்வியை ஒப்புக்கொள்ள நாணமாக இருக்கும். ஆகவே அந்த முடிவை முதல்நாள் இரவே, சாப்பாட்டு வேளையில், எல்லோரும் கேட்க எடுத்துவிடுங்கள். ‘பன்னிரண்டு மணிக்குத் திரும்புவோம், மழை பிடித்தால் அதற்கு முன்பே திரும்புவோம்’ என்று தந்தை சொல்லட்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை அறிவிக்கும் பொறுப்பை மூத்த பிள்ளையிடம் ஒப்படையுங்கள். அப்படிச் செய்தால், திரும்பி வருவது தோல்வியாகத் தோன்றாது. சொன்ன சொல்லைக் காத்ததாகவே பிள்ளைகள் கொள்வார்கள். ஒகியவைக் காணாமலே பாதியிற் திரும்பிவந்து, பாட்டியிடம் தாளை வாங்கிக் கிழித்துப் போட்ட குடும்பமும் பயணத்தை நன்றாக முடித்த குடும்பமே. மலை அங்கேயே இருக்கும். அடுத்த விடுமுறையிற் போகலாம்.