பூட்டி வைத்த வித்தை

நாம் உபாத்தியாயர் வேலைக்கு வந்த புதிதில், எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பெரியவர் இருந்தார். ஜூன் மாதந்தோறும் பள்ளிக்கூடம் முழுவதற்கும் டைம் டேபிள் போடுகிறவர் அவரே. 30 வகுப்பு, 45 உபாத்தியாயர். ஆனாலும் ஒருவருக்காவது ஒரே பீரியடில் இரண்டு வகுப்பு விழாது. அதை எப்படிச் செய்கிறார் என்று அருகில் போய் நின்றால், காகிதத்தை மடித்து வைத்துவிடுவார். ஒரு நாள் துணிந்து கேட்டோம். "இதையும் உமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால், அப்புறம் என்னை யார் ஐயா சட்டை செய்வார்கள்?" என்றார். அவர் ஓய்வு பெற்ற வருஷம், மூன்று வாரம் வரையில் பள்ளிக்கூடம் சந்தைக் கடையாக இருந்தது.

அற்ப புத்தி என்றுதான் அப்போது நினைத்தோம். கணித சாஸ்திரத்தின் சரித்திரத்தைச் சற்றுப் படித்த பிறகு அந்த அபிப்பிராயம் மாறிற்று.

ஓர் எண்ணின் கனத்தோடு அதே எண்ணின் ஆறு மடங்கைக் கூட்டினால் 20 வருகிறது; அந்த எண் எது? இரண்டு என்று குழந்தைகள்கூட ஊகித்துச் சொல்லிவிடும். ஆனால், எந்த எண்களைக் கொடுத்தாலும் விடை தரக்கூடிய பொது வழி ஒன்று வேண்டுமே! அந்த வழியை முதலில் கண்டவர் இத்தாலியில், பொலோனா சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த ஷிப்பியோனே டெல் ஃபெரோ. கண்டவர் அதை அச்சிடவில்லை. 1526-ல் அவர் இறந்தபோது, விஷயம் தெரிந்தவர்கள் சிஷ்யர் ஃபியோர், மருமகர் டெல்லா நாவே முதலிய இரண்டொருவரே.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அக்காலத்தில் கணித ஆசிரியரின் உத்தியோகம் சாசுவதமானதல்ல; அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியது. யார் வேண்டுமானாலும் பகிரங்கமாகச் சவால் விடலாம். இரு தரத்தாரும் கணக்குகளைப் பரிமாறிக் கொள்வார்கள். தோற்றவனுடைய பெயரும், சில சமயம் பிழைப்பும் போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் பிறருக்குத் தெரியாத ஒரு சூத்திரம் வெறும் அறிவல்ல, அரிசி மூட்டை. அதைத் தெருவில் அவிழ்த்துக் கொட்ட யாருக்கு மனம் வரும்?

குருவின் ரகசியத்தை நம்பி ஃபியோர் 1535-ல் தார்த்தாலியா என்பவருக்குச் சவால் விட்டார். தார்த்தாலியா ஏழை, சிறு வயதில், 1512-ல், பிரெஞ்சுச் சிப்பாயின் வாள் தாடையில் பட்டுப் பேச்சுத் திக்கிப் போனவர். அந்தப் பெயரே திக்குவாயன் என்பதுதான். ஃபியோர் கொடுத்த 30 கணக்கும் ஒரே ஜாதி. கெடு முடியுமுன் தார்த்தாலியா தாமாகவே வழியைக் கண்டுபிடித்து அத்தனையையும் போட்டுவிட்டார். ஃபியோருக்கோ ஒரு வித்தைக்கு மேல் தெரியாது.

வென்றவர் என்ன செய்தார்? அவரும் மறைத்தார்! மிலான் நகரத்து வைத்தியர் கார்டானோ நயமாகவும் கெஞ்சியும் கேட்ட பிறகு, 1539-ல், வெளியிடுவதில்லை என்று சத்தியம் வாங்கிக் கொண்டு, அதையும் செய்யுளாக்கியே சொன்னார். பின்னர் சாவகாசமாகத் தாமே புத்தகம் எழுதலாம் என்பது அவர் எண்ணம். கார்டானோவோ 1543-ல் தம் சிஷ்யர் ஃபெராரியுடன் பொலோனாவுக்குப் போய், டெல் ஃபெரோவின் பழைய குறிப்பைக் கண்ணால் பார்த்தார். சத்தியம் தார்த்தாலியாவின் ரகசியத்துக்குத்தானே, செத்துப் போனவருடையதற்கு இல்லையே என்று சமாதானம் செய்து கொண்டு, 1545-ல் 'ஆர்ஸ் மாக்னா' என்ற நூலில் வெளியிட்டுவிட்டார். இருவர் பெயரையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார் என்பது வாஸ்தவம். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கார்டானோவுக்குச் சோறு போட்டது வைத்தியம். சூத்திரத்தைக் கொடுத்துவிட்டால் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

தார்த்தாலியா கொதித்தார். 1548-ல் மிலானில் ஃபெராரியோடு வாதம் நடந்தது. பாதியிலேயே ஊர் திரும்பினார். கைக்கு வந்திருந்த வேலையும் நிலைக்கவில்லை. 1557-ல் இறக்கும் வரையில் அந்தப் புத்தகத்தை எழுதவே இல்லை. இன்றும் கல்லூரி மாணவர்கள் அதைக் 'கார்டான் முறை' என்றே படிக்கிறார்கள்.

1665-ல் லண்டனில் 'பிலாஸபிகல் டிரான்ஸாக்ஷன்ஸ்' பத்திரிகை தோன்றி, முதலில் அச்சிட்டவருக்கே பெருமை என்ற வழக்கம் வலுத்த பிறகு, மறைப்பதில் லாபம் குறைந்தது. மனிதர்கள் திருந்தியதால் அல்ல. அச்சேறும் வரையில் சக ஆசிரியரிடம் மூச்சு விடாதவர்கள் இன்றும் உண்டு.

இப்போது எங்கள் பள்ளிக்கூடத்து டைம் டேபிளைப் போடுகிறவர் நாம்தான். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டுக் கற்றது. சென்ற ஜூனில், புதிதாக வந்த இளைஞர் ஒருவர் மேஜையருகே வந்து நின்று, "எப்படி ஸார் போடுகிறீர்கள்?" என்று கேட்டார். நம் கை தானாகவே காகிதத்தின் மேல் போயிற்று. பிறகு அதை அவர் பக்கம் நகர்த்தினோம். முழு மனத்தோடு என்று சொல்ல மாட்டோம்.