விராடன் அரண்மனைச் சமையல்கட்டு

மகாபாரதத்தை வைத்து ஆட்டம் நடத்த நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, அர்ஜுனனை யாரிடமும் கொடுக்காமல் இருப்பது. கர்ணனையும் கொடுக்கக் கூடாது. புதிதாக மேசைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இருவரில் ஒருவரைத்தான் கேட்பார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் காண்டீபத்தை ஒருவர் கையில் கொடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த மேசையில் வேலை இருக்காது. அதோடு, குருக்ஷேத்திரத்தில் யார் வெல்வார்கள் என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். முடிவு தெரிந்த கதையில் பகடையை எதற்காக உருட்டுவது?

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் கீழ்த்தளத்தில், கல்மேசையைச் சுற்றி, சனிக்கிழமை மாலைகளில் நான் நடத்திவரும் ஆட்டம் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். ஒருவர் கதையை நடத்துவார். அவரை டிஎம் என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், முடிவெடுப்பார்கள். முடிவு பலிக்குமா என்ற சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு அந்தப் பாத்திரத்தின் திறனுக்குரிய எண்ணைக் கூட்டி, டிஎம் வைத்த இலக்கை எட்டினால் காரியம் நடக்கும். எட்டாவிட்டால் வேறு ஏதாவது நடக்கும். ஒரே கதையை மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், தொடர்ந்து ஆடுவதை கேம்பெயின் என்பார்கள்.

உலகத்தை டிஎம் தானே கற்பனை செய்துகொள்ளலாம். ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த ஒரு புராண உலகத்தையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது வழி கடினம். இதை நேர்மையாக எதிர்கொண்டவர் என்று நான் மதிப்பது கிரெக் ஸ்டாஃபோர்டை. 1985-ல் அவர் உருவாக்கிய 'பென்டிராகன்' ஆட்டம் ஆர்தர் மன்னனின் கதையில் நடக்கிறது. ஆர்தர் வருவார், வட்டமேசை கூடும், கடைசியில் எல்லாம் இடிந்து விழும். இது மேசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். ஸ்டாஃபோர்ட் அந்த முடிவை மாற்ற முயலவில்லை. ஆட்டக்காரர்களுக்குப் பெயர் தெரியாத சின்ன வீரர்களைக் கொடுத்தார். ஒவ்வொரு சாகசத்துக்குப் பிறகும் ஒரு குளிர்காலம் வரும். அப்போது நிலத்தில் என்ன விளைந்தது, கல்யாணம் ஆனதா, குழந்தை பிழைத்ததா என்று பகடை சொல்லும். தந்தை செத்தால் மகன் ஆட்டத்தைத் தொடர்வான். 2006-ல் அவர் வெளியிட்ட பெரிய கேம்பெயின் நூல் 485 முதல் 566 வரை, எண்பது ஆண்டுகளைக் கடக்கிறது. ஆர்தரின் விதி எழுதப்பட்டது. பக்கத்தில் நிற்கும் வீரனின் விதி எழுதப்படவில்லை. அந்த எழுதாத இடத்தில்தான் ஆட்டம்.

இதைப் படித்தபோது எனக்குப் பெரிய எழுத்துப் புத்தகங்கள் ஞாபகம் வந்தன. வியாசருக்கு அல்லியைத் தெரியாது. மதுரையை ஆண்ட அந்த அரசி, அர்ஜுனனைத் திணறடித்தவள், நம் ஊர்க்காரர்கள் பாரதத்துக்குள் கொண்டுவந்து வைத்த பாத்திரம். அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு மாலை என்று புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் கதைகளெல்லாம் பாரதத்தின் ஓரத்தில் நம்மவர்கள் தாங்களே கிளைத்துக்கொண்ட பாதைகள். திரௌபதி அம்மன் வழிபாட்டில் போத்துராஜா காவல் நிற்கிறார். அவரோடு முத்தால் ராவுத்தர் என்ற இஸ்லாமியக் காவலரும் நிற்கிறார். செஞ்சி வட்டாரத்துக் கிராம மக்கள் பாரதத்தைத் தங்கள் ஊரில் நடந்த கதையாகவே எடுத்துக்கொண்டார்கள். ஊரில் யாரெல்லாம் இருந்தார்களோ அவர்களெல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள்.

அந்த வழிபாடு கப்பலேறி இங்கேயும் வந்தது. நாராயண பிள்ளை 1827-ல் தொடங்கிய சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் திரௌபதிக்குச் சன்னதி உண்டு. அரவானும் இருக்கிறார், தலைக்குமேல் நாகம் குடைபிடிக்க. 1840-லிருந்து அங்கே தீமிதி நடக்கிறது. வெளியூர்க்காரர்கள் தீமிதியை ஒருநாள் நிகழ்ச்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் வாரக்கணக்கில் பாரதக் கதை படிப்படியாக நடத்தப்படுகிறது: திரௌபதி கல்யாணம், அர்ஜுனன் தபசு, அரவான் களப்பலி, படுகளம். தீபாவளிக்குச் சுமார் ஒரு வாரம் முன்பு, சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பக்தர்கள் ஊர்வலமாக நடந்து மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக்குழி இறங்குகிறார்கள். நேர்த்திக்கடனை நான் விளையாட்டோடு சேர்த்துப் பேசவில்லை, இரண்டும் வேறு. ஆனால் முடிவு தெரிந்த கதைக்குள் ஒரு சாதாரண மனிதர் ஏன் இறங்குகிறார் என்பதை அந்த ஊர்வலத்தைப் பார்க்கும் யாரும் கேட்பதில்லை.

எங்கள் மேசையில் இருக்கும் மலாய் நண்பருக்குப் பாரதம் எங்கள் வழியாக வந்ததல்ல. 'ஹிகாயத் பாண்டவ லீமா' மலாயில் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. ஜாவாவின் வாயாங் நிழற்கூத்தில் கதைகளை அடிமரக் கதை, கிளைக் கதை என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். கிளைக் கதைகளுக்கு 'சராங்ஙான்' என்று பெயர். தாலாங், அதாவது கூத்தை நடத்துபவர், பாண்டவர்களை வைத்துப் புதிய சம்பவங்களைக் கட்டலாம். அடிமரத்தை வெட்டக் கூடாது. செமார், பெத்ருக் போன்ற வேலைக்காரக் கோமாளிகள் அங்கே அரசர்களுக்கே புத்தி சொல்கிறார்கள். ஒரு டிஎம்முக்கு இதைவிடத் தெளிவான விதிப்புத்தகம் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஆகவே நான் தேர்ந்தெடுத்தது விராட பருவம். பதின்மூன்றாம் ஆண்டு. பாண்டவர்கள் ஐவரும் திரௌபதியும் மாறுவேடத்தில் மத்சிய நாட்டு அரசன் விராடனின் அரண்மனையில் ஒளிந்திருக்கிறார்கள். தர்மன் கங்கன் என்ற பெயரில் அரசனோடு பகடை ஆடுகிறான். அர்ஜுனன் பிருகன்னளையாக இளவரசிக்கு நடனம் சொல்லிக்கொடுக்கிறான். திரௌபதி சைரந்திரியாக அரசி சுதேஷ்ணைக்குத் தலைவாரிவிடுகிறாள். பீமன் சமையல்கட்டில் இருக்கிறான். என் ஆட்டக்காரர்கள் அந்தச் சமையல்கட்டின் வேலைக்காரர்கள். காய் நறுக்கும் பெண், விறகு சுமக்கும் பையன், கிடங்குக் கணக்குப் பார்ப்பவர், மல்யுத்தத்தில் தோற்றுக் காவலுக்கு வந்தவன். அவர்களுக்கு அந்தப் பெரிய சமையல்காரன் யாரென்று தெரியாது. மேசையில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குத் தெரியும். இந்த இடைவெளியில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஆடிப் பார்த்தால்தான் புரியும்.

கீசகன் செத்த மறுநாள் விடியற்காலையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசியின் தம்பி, படைத்தலைவன், நடனசாலையில் கிடக்கிறான். கை எது கால் எது என்று பிரித்தறிய முடியாதபடி பிசைந்து போடப்பட்டிருக்கிறான். சைரந்திரியின் கந்தர்வக் கணவர்கள் செய்த வேலை என்று ஊர் நடுங்குகிறது. சமையல்கட்டில் அடுப்புப் பற்றவைக்கும் நேரம். பெரிய சமையல்காரன் உள்ளே வருகிறான், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே. காய் நறுக்கும் பெண்ணாக ஆடுபவர் ஒரு தாதி; இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்திருந்தார். "இந்த நேரத்துல கைய ஏன் கழுவிட்டு வர்றான்னு நான் பார்க்கிறேன்" என்றார். இலக்கு பதினைந்து. பகடை நான்கில் நின்றது. அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருக்கிறாள். மேசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்து விறகுப் பையனாக ஆடும் உயர்நிலைப்பள்ளி மாணவி உருட்டினாள். பதினெட்டு. நகக்கண்ணில் இரத்தம் இருப்பதை அவன் பார்த்துவிட்டான். "அண்ணா, இப்போ நான் என்ன செய்யணும்?" என்று என்னைக் கேட்டாள். அதை நான் சொல்ல முடியாது, அது உன் ஆட்டம் என்றேன். கீசகன் அந்தப் பையனை எட்டி உதைத்த காட்சி அதற்கு முந்தைய ஆட்டங்களில் ஒன்றில் வந்திருந்தது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, பையனாகவே பேசினாள்: "பெரியண்ணே, தண்ணி இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" பீமனுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "ஊத்துடா" என்று மட்டும் சொன்னேன். வியாசரின் கதையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் அஞ்ஞாதவாசம் கலையாமல் போனதற்கு இப்போது ஒரு விறகுப் பையனும் காரணம்.

விராட பருவத்தில் கெடு ஒன்றும் இருக்கிறது, அது டிஎம்முக்குப் பெரிய வசதி. கீசகன் கூட்டம் அழிந்ததும் சைரந்திரியை ஊரைவிட்டுப் போகச் சொல்கிறாள் அரசி. இன்னும் 13 நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள் சைரந்திரி. அந்த நாட்களுக்குள் ஒற்றர்கள் போவார்கள், சுசர்மன் பசுக்களைக் கவர வருவான், பின்னாலேயே கௌரவர்கள் வருவார்கள். சமையல்கட்டு ஆட்கள் எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் அந்தத் தேதிகள் நகராது.

இவ்வளவையும் தமிழில்தான் ஆடுகிறோம். நடுநடுவே ஆங்கிலம் வரும், மலாய் வரும், யாரையும் நான் திருத்துவதில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு, பத்தாண்டுக்கு முன்பு அது 3 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. பள்ளியில் தமிழ் வாய்மொழித் தேர்வுக்குப் பயப்படும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மாணவி அரசியின் முன்னால் நின்று, "மகாராணி, அடியேன் சொல்வதைக் கேளுங்கள்" என்று தொடங்கி, ஓர் அப்பாவிச் சமையல்காரருக்காக வாதாடினாள். மதிப்பெண்ணுக்காகப் பேசவில்லை. பேசாவிட்டால் அந்த ஆளைக் கழுவேற்றிவிடுவார்கள்.

ஒரு விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். எங்கள் மேசையில் கடவுளுக்கு எண் கிடையாது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக 1976-லும் 1980-லும் வெளிவந்த தெய்வங்கள் பற்றிய நூல்களில் இந்திய தெய்வங்களுக்கும் உயிர்ப்புள்ளி, கவச எண் எல்லாம் கொடுத்து அட்டவணை போட்டார்கள். காளியை எத்தனை அடியில் வீழ்த்தலாம் என்று கணக்குப் போடலாம் என்பதுதான் அதன் பொருள். நாங்கள் ஆடும் இடத்திலிருந்து சற்றுத் தூரம் நடந்தால் வீரமாகாளியம்மன் கோயில். மாலைப் பூசைக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். அங்கே போய்ச் சொல்ல முடியாத ஒன்றை இங்கே மேசையில் சொல்லக் கூடாது. 1977-ன் 'மான்ஸ்டர் மேனுவல்' நூலில் ராட்சசன் புலித்தலையோடு புகைக்குழாய் பிடித்து உட்கார்ந்திருப்பான். மந்திரித்த அம்பு ஒன்று தைத்தால் செத்துப்போவான். இடும்பியும் கடோத்கசனும் பாண்டவர் வீட்டு உறவு என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் படம் ஒட்டாது.

நிலைமை மாறிவருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2022-ல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல்' தொகுப்பில் அந்தந்தப் பண்பாட்டிலிருந்து வந்த எழுத்தாளர்களே கதைக்களங்களை எழுதினார்கள். வங்காளத்தை ஒட்டிய ஒரு நாட்டை மிமி மண்டல் எழுதியிருக்கிறார். தமிழில் ஒன்று வர வேண்டும். ஆட்டத்தின் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் பொது உரிமத்தின்கீழ் விட்டுவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தமிழில் எழுதலாம், விற்கலாம். கதைக்கு வில்லிபாரதம் இருக்கிறது. அது கடினம் என்றால் ராஜாஜியின் 'வியாசர் விருந்து' போதும். அந்த விராட பருவத்தைப் படித்துவிட்டு ஒரு பகடைத் தொகுதி வாங்கினால் அடுத்த வாரமே உட்கார்ந்துவிடலாம்.

எங்கள் ஆட்டம் இப்போது அபிமன்யு கல்யாணப் பந்தியில் வந்து நிற்கிறது. அடுத்தது போர். விராடன் மகன் உத்தரன் முதல் நாளே சல்லியன் கையால் சாவான், விராடனைத் துரோணர் கொல்வார், அடிமரம் அது. சமையல்கட்டு ஆட்கள் எங்கே போவது என்பதில்தான் தகராறு. கிடங்குக் கணக்கர் விராடன் படையோடு போவதென்று முடிவெடுத்துவிட்டார். உப்பைத் தின்ற வீடு என்கிறார். விறகுப் பையன் கேட்பதாக இல்லை. பாரதப் போரில் இரண்டு படைக்கும் சோறு போட்டவன் என்று புறநானூறு சொல்லும் சேரன் பெருஞ்சோற்று உதியனைப் பற்றி அந்த மாணவி பள்ளியில் படித்திருக்கிறாள். அவனுடைய சமையல் கூடாரத்துக்கு ஆள் எடுக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டுமாம், அதற்கு எந்தத் திறனில் உருட்டுவது என்று கேட்கிறாள். சேர நாட்டுக் கூடாரத்தில் அரிசி எப்படி வந்து இறங்கும், எத்தனை அடுப்பு, இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே பந்தியில் உட்காருவார்களா என்பதையெல்லாம் நான் இந்த வாரத்துக்குள் எழுதிமுடிக்க வேண்டும்.