உங்கள் நாய்க்கு எந்தக் கால் பழக்கம்?

"கை குடு" என்றதும் உங்கள் நாய் எந்த முன்னங்காலை நீட்டுகிறது? கடலூர் மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் கீழ வீதியிலோ நாய் வளர்க்கிறவர்களைக் கேட்டால் "வலதுதான் சார்" என்பார்கள். அது நாம் பழக்கியது, கணக்கில் வராது. பீரோவுக்கு அடியில் பிஸ்கெட் உருண்டு போனால் எந்தக் காலால் துழாவுகிறது என்று பாருங்க. ஒரு நாள் பார்த்தால் போதாது, ஐம்பது தடவையாவது எண்ணணும்.

இதில் என்ன இருக்கு என்கிறீர்களா? இடது காலை இயக்குவது மூளையின் வலது பாதி. பயம், பதற்றம் இவற்றிலும் வலது பாதிக்கே பங்கு அதிகம். பயந்தால், சிறுநீரகத்தை ஒட்டி இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசாலை ரத்தத்தில் விடும். கொஞ்ச நேரத்துக்கு அது நல்லதுதான். நாள்கணக்கில் நீடித்தால் நோய் எதிர்ப்புச் சக்தியை அமுக்கிவிடும்.

இத்தாலியின் பாரி பல்கலைக்கழகத்தில் குவாரந்தா குழுவினர் 2004-ல் இதை ஆராய்ந்தார்கள். முகத்தில் ஒட்டிய நாடாவை நாய் எந்தக் காலால் தட்டி விடுகிறது என்பதுதான் சோதனை. இடதுகால் நாய்களுக்கு லிம்போசைட் என்ற வெள்ளணுக்களின் விகிதம் கூடுதல், காமா குளோபுலின் குறைவு! 2006-ல் வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டுப் பார்த்தபோது, இடதுகால் நாய்களின் உடம்பில் உருவான எதிர்ப்பொருளும் மற்றவற்றைவிடக் குறைவு. அதற்காக "நம்ம நாய் இடதுகால், ஊசி பலிக்காது" என்று விட்டுவிடாதீர்கள். அது விபரீதம். மூன்று மாதக் குட்டியிலேயே முதல் ஊசி, பிறகு பூஸ்டர், அப்புறம் கால்நடை மருத்துவர் சொல்கிறபடி வருஷா வருஷம். எந்தக் காலானாலும் இதே கணக்குதான்.

ஆஸ்திரேலியாவில் பிரான்ஸனும் ரோஜர்ஸும் 2006-ல் வேறொன்று கண்டார்கள். எந்தக் காலிலும் உறுதியான பழக்கம் இல்லாத நாய்கள்தான் இடிக்கும் வெடிக்கும் அதிகம் மிரளுகின்றன. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரை கடந்ததைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு, காற்றும் மழையும் அடிக்கும்போது நாய் படும் பாடு புதிதல்ல. தீபாவளியன்று வாசலில் கட்டிப் போடாதீர்கள். உள் அறையில் விட்டு, ஜன்னலைச் சாத்தி, டி.வி.யைப் போட்டு வையுங்கள். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் இழுக்க வேண்டாம். திட்டவும் வேண்டாம்.

மிரண்ட நாய் சொந்த வீட்டுக் குழந்தையையே கடிக்கும். கடித்தால் மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஊசி போட்ட நாயாச்சே என்று தள்ளிப்போட வேண்டாம்.