சாக்குப்பையும் திமிங்கிலமும் வளர்த்த ஊர் எது தெரியுமா?

ஸ்காட்லாந்து போகிறவர்கள் எடின்பரோ கோட்டையைப் பார்ப்பார்கள், கிளாஸ்கோவைப் பார்ப்பார்கள், திரும்பிவிடுவார்கள். டண்டீ என்றால்? “அப்படி ஒரு ஊரா?” என்பார்கள்! டே நதி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், ஒன்றரை லட்சம் பேர்கூட இல்லாத சின்னத் துறைமுக நகரம் அது. ஆனால் அதன் கதையைக் கேளுங்கள், அசந்துபோவீர்கள்!

நம் அரிசி மண்டிகளில் அட்டி அட்டியாய் அடுக்கியிருந்த கோணிச் சாக்கு இருக்கிறதே, ஒரு காலத்தில் சணல் தொழிலின் உலகத் தலைநகரம் எது தெரியுமா? கல்கத்தா என்கிறீர்களா? இல்லை, டண்டீ! இத்தனைக்கும் அங்கே ஒரு சணல் செடிகூட விளையாது. வங்காளத்தில் அறுத்த சணல் பல்லாயிரம் கிலோமீட்டர் கப்பலில் போய் அங்கே இறங்கியது. ஊருக்கே ‘ஜூட்டோபோலிஸ்’, அதாவது சணல் மாநகரம் என்று பட்டப்பெயர்!

சரி, ஏன் டண்டீ? இங்கேதான் திமிங்கிலம் வருகிறது! காய்ந்த சணல் நார் மொடமொடவென்று இருக்கும். அப்படியே இயந்திரத்தில் கொடுத்தால் நூலாகாது, ஒடிந்துவிடும். தண்ணீரோடு திமிங்கில எண்ணெயைக் கலந்து தெளித்தால் நார் பதமாகிவிடும். டண்டீ திமிங்கில வேட்டைக் கப்பல்களின் துறைமுகம். எண்ணெய்க்குப் பஞ்சமே இல்லை! லினன் நெசவு தெரிந்த கைகளும் ஊர் முழுக்க இருந்தன. ஆர்க்டிக் கடலின் திமிங்கிலமும் வங்காளத்து வயலின் சணலும் ஒரே ஊரில் சந்தித்தன என்றால் நம்ப முடிகிறதா?

ஆலைகளில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் யார் தெரியுமா? பெண்கள்! தறிச் சத்தம் காதைப் பிளக்கும். பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் உதட்டசைவைப் பார்த்தும் கைச்சாடை காட்டியுமே நாள் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். வேலை கிடைக்காத கணவன்மார் வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்கு ஊர் வைத்த பெயர் ‘கெட்டில் பாய்லர்’, அதாவது வெந்நீர் போடுகிறவர்! அந்தப் பெண்கள் பட்ட பாட்டைத் தெரிந்துகொள்ள வெர்டன்ட் வொர்க்ஸ் அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள். 1833இல் கட்டிய ஆலை அது.

கேம்பர்டவுன் ஆலையின் புகைபோக்கி இன்றும் நிற்கிறது. உயரம் 282 அடி! டண்டீயின் கடைசி சணல் ஆலை 1999இல் மூடப்பட்டது. அதன் இயந்திரங்கள் எங்கே போயின தெரியுமா? கல்கத்தாவுக்கு!

ஒரு கப்பல் முழுவதும் மரம், அதிலும் ஒரு பகுதியில் இரும்பே கூடாது என்று கட்டினார்கள். தெரியுமா? 1901இல் டண்டீயில் நீரில் இறக்கிய ‘டிஸ்கவரி’தான் அது! காந்தப்புலத்தை அளக்கும் அறை அதில் இருந்தது. கருவி பிசகாமல் இருக்க, அந்த அறையைச் சுற்றி 30 அடிக்கு இரும்பும் எஃகும் ஆகாது! துருவப் பயணிகளான கேப்டன் ஸ்காட்டையும் ஷாக்கில்டனையும் அண்டார்டிகாவுக்குக் கொண்டுபோன கப்பல் இது. அங்கே பனியில் சிக்கி இரண்டு வருடம் நகரவில்லை. மீட்கப் போன கப்பல்களில் ஒன்று ‘டெர்ரா நோவா’. அதைக் கட்டியது எங்கே? அதுவும் டண்டீயில்தான்! 1986இல் டிஸ்கவரி பிறந்த ஊருக்கே திரும்பி வந்தது. இன்று நீங்கள் ஏறிப் பார்க்கலாம்.

அதன் பக்கத்திலேயே, கடல் பாறை முகடு போல நதிக்கு மேல் நீட்டிக்கொண்டு ஒரு கட்டடம்! ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்த வி அண்ட் ஏ அருங்காட்சியகம், 2018இல் திறந்தது. சுவரில் பதித்த கற்பலகைகள் மட்டும் சுமார் 2,500!

எழுத்தாளர் மேரி ஷெல்லி சிறுமியாக இருந்தபோது இந்த ஊரில் தங்கியிருந்தார். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எழுதியவரேதான்! தன் கற்பனைக்குச் சிறகு முளைத்த இடங்களில் ஒன்றாக டண்டீயைப் பிற்காலத்தில் அவரே குறிப்பிட்டார்.

1938 முதல் குழந்தைகளைச் சிரிக்க வைக்கும் ‘பீனோ’ காமிக்ஸ் எந்த ஊர்? டண்டீ! ‘லெம்மிங்ஸ்’ கணினி விளையாட்டு? டண்டீ! ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ முதன்முதலில் உருவானது? அதுவும் டண்டீ!

வின்ஸ்டன் சர்ச்சிலையே தோற்கடித்த ஊர் தெரியுமா? 14 வருடம் டண்டீயின் எம்.பி.யாக இருந்தவர் 1922இல் தோற்றார். ஜெயித்த எட்வின் ஸ்கிரிம்ஜியர் எந்தக் கட்சி? மதுவிலக்குக் கட்சி! அந்தக் கட்சியின் பெயரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போன ஒரே ஆள் அவர்தான்!

கால்பந்து ரசிகரா நீங்கள்? ஒரே தெருவில் இரண்டு ஸ்டேடியம்! டண்டீ அணிக்கு ஒன்று, டண்டீ யுனைடெட் அணிக்கு ஒன்று. யுனைடெட் 1983இல் லீக் பட்டம் வென்றது எந்த மைதானத்தில்? எதிராளியான டண்டீ அணியின் மைதானத்தில், அந்த எதிராளியையே தோற்கடித்து! இன்னொன்று கேளுங்கள். பார்சிலோனாவோடு ஐரோப்பியப் போட்டிகளில் நான்கு முறை மோதி நான்கிலும் ஜெயித்த அணி இது!

மனதைப் பிசையும் ஒரு கதையும் உண்டு. டே நதியின் மேல் 1878இல் திறந்த ரயில் பாலம், அன்று உலகிலேயே நீளமானது. சுமார் இரண்டு மைல்! வடிவமைத்த தாமஸ் பவுச்சுக்கு விக்டோரியா மகாராணி சர் பட்டம் கொடுத்தார். 1879 டிசம்பர் 28, புயல் இரவு. ரயில் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே நடுப்பாலம் சரிந்தது. அந்த ரயிலில் இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அடுத்த வருடமே பவுச்சும் இறந்தார். ஆனால் நதியில் மூழ்கிய ரயில் எஞ்சின் என்ன ஆனது தெரியுமா? தூக்கியெடுத்து, பழுது பார்த்து, 1919 வரை ஓட்டினார்கள்! ‘டைவர்’, அதாவது முக்குளிப்பான் என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

இன்று ஓடும் பாலம் 1887இல் திறந்தது. எடின்பரோவிலிருந்து டண்டீக்கு ரயிலில் போனால் மறக்காமல் வலதுபக்க ஜன்னலோரம் உட்காருங்கள். பாலத்தில் ஏறியதும் கீழே பாருங்கள். விழுந்த பாலத்தின் தூண் அடிகள், தண்ணீருக்கு மேல் கொஞ்சமே தலை நீட்டி, ஒன்றன்பின் ஒன்றாக உங்கள் கூடவே கரை வரை வரும்!